நிலம் மயங்குதல்: நகரப் பகுப்பு வரைபடமும் தமிழ் நூல் வழக்கும்

நகரமைப்பைப் பொருளாகக் கொண்டு நம் துறைகளில் எழுதப்பெறும் ஆய்வுரைகளில் ஒரு கருத்து மீண்டும் மீண்டும் தலைகாட்டக் காண்கின்றோம். புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக அமைந்திருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. ஆதலின் குடியிருப்பு, வணிகம், தொழில் என நிலத்தைப் பயன்வகையாற் பகுத்து ஊரமைக்கும் இக்கால முறையைப் பண்டைத் தமிழர் முன்னரே அறிந்து கடைப்பிடித்தனர் என்பது அக்கருத்து. கேட்பதற்கு இனிமையாகவே உள்ளது. ஆயினும் இதனை ஏற்குமுன் நூலை ஒருமுறை நின்று நோக்குதல் கடன். நூல் அவ்வாறு கூறவில்லை என்பதே யாம் கண்ட முடிபு. கூறாததை ஏற்றியுரைப்பதனால் நூல் மெய்யாகவே கூறுவது மறைந்து போகின்றது என்பதும், அம்மறைவினால் இன்று திருப்பூரைச் சூழ்ந்த ஊர்களின் நிலத்துக்கே இழப்பு உண்டு என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இந்திரவிழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கம் முன்னர் வருகின்றது. கடலையடுத்த அப்பகுதியில் யவனர் இருப்பிடம் உண்டு. கலம் தரு செல்வத்தால் புலம் பெயர்ந்து வந்தோர் கலந்துறையும் இடம் உண்டு. சுண்ணமும் சாந்தும் விற்பார் திரியும் தெரு, பட்டும் மயிரும் பருத்தியும் கொண்டு நெய்வார் இருக்கை, கூலக் கடைத்தெரு, பிட்டும் அப்பமும் விற்பார், மீனும் உப்பும் விற்பார், கள் விற்பார், கன்னார், தச்சர், கொல்லர், தட்டார், தையற்காரர், தோல் தைப்பார், பாணர் என அடிகள் நிரல்படக் கூறிச் செல்கின்றார். இவர்தம் இடங்களைச் சுட்டுதற்கு அவர் ஆளும் சொல் 'இருக்கை' என்பதனை நம் கட்டுரையாளர் கவனித்திலர். இருக்கை என்பது தொழிற்கூடம் மட்டும் அன்று. வீடு மட்டும் அன்று. இருந்து வாழ்வதும் இருந்து தொழில் செய்வதும் அச்சொல்லின்கண் பிரியாமல் நிற்கின்றன. காருகர் தறி நிற்கும் இடமே காருகர் உறங்கும் இடம். வீட்டையும் தொழிலையும் வேறு வேறு நிலத்தில் வைத்தலே இக்காலப் பகுப்பு முறையின் உயிர் எனின், மருவூர்ப்பாக்கம் அதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டாக முடிகின்றது.

பட்டினப்பாக்கத்தில் தொழில் இல்லை, செல்வர் மனைகளே உள்ளன என்று எழுதுவாரும் உளர். அதுவும் பொருந்தாது. அரச வீதி, தேர் வீதி, பெருங்குடி வணிகர் மாடம், மறையோர் வீதி, உழவர் இடம், மருத்துவர், கணிகள் என்னும் வரிசையிலேயே முத்துக் கோப்பாரும் சங்கறுத்து வளை செய்வாரும் வாழும் அகன்ற தெருவும் எண்ணப்பட்டுள்ளது. சங்கறுப்பது ஓசையும் தூசியும் உடைய கைத்தொழில்; தட்டார் தொழிலினும் தூய்மையுடையது என்று சொல்ல இயலாது. பின் ஏன் தட்டார் அங்கும் வளை போழ்வார் இங்கும் இருந்தனர்? பயன்வகையால் விடை கிடைக்கவில்லை. அரசவையோடும் செல்வர் மனையோடும் யார் நெருங்கி இருந்தனர் என்னும் மதிப்பு வகையால் ஒருவாறு கிடைக்கின்றது. இரு பாக்கத்திற்கும் இடையே சோலைக்கண் நாளங்காடி அமைந்திருந்தது என்பதும், இரு பெருவேந்தர் படைகள் எதிர்நிற்க இடைப்பட்ட போர்க்களத்தை அவ்விடத்துக்கு அடிகள் உவமை ஆக்கினார் என்பதும் எண்ணத்தக்கன. எவ்வகைக்கும் உரியதாகாத நடுநிலம் ஒன்றில்தான் புகாரின் வாணிகம் பகலில் நடந்தது. இன்றைய வரைபடத்தில் அவ்விடத்துக்கு எவ்வண்ணம் தீட்டுவது?

வண்ணம் என்றது காரணம் பற்றியே. நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா, பூங்காவுக்கும் வேளாண்மைக்கும் பச்சையின் வேறுபாடுகள் என வழங்குகின்றனர். இம்முறையின் வரலாறு நீண்டதன்று. செருமனியின் பிராங்க்பர்ட் நகர் 1891இல் இவ்வகைப் பகுப்பு விதிகளை வகுத்தது. நியூயார்க்கு நகரம் 1916இல் நகர் முழுமைக்கும் உரிய பகுப்புச் சட்டத்தை இயற்றிற்று. அச்சட்டம் பிறந்ததற்கு வானளாவிய கட்டடங்களின் நிழல் ஒரு காரணம். மற்றொன்று நம் நோக்கில் சுவையுடையது. ஐந்தாம் அவென்யூவின் பெருங்கடையினர், ஆடை தைக்கும் கூடங்கள் தம் தெருவை நோக்கி ஏறி வருவதையும், அக்கூடங்களின் தொழிலாளர் நண்பகலில் நடைபாதையை நிறைப்பதையும் வெறுத்தனர்; அவர்களை அப்பால் நிறுத்த வேண்டும் என்று கிளர்ந்தனர். ஆக, பகுப்புச் சட்டம் பிறந்த தொட்டிலில் தையல் தொழிலாளரின்மீது கொண்ட வெறுப்பும் ஓரளவு கிடந்தது. தையலாலேயே வாழும் ஒரு நகரத்துக்கு அதே கருவி இன்று கொடுக்கப்பட்டிருப்பதனை வரலாற்றின் குறும்பு என்றே கொள்ளல் வேண்டும். 1926இல் யூக்ளிட் என்னும் சிற்றூர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இம்முறையை ஏற்றது. தீங்கு என்பது பொருளைப் பற்றியதன்று, அது நிற்கும் இடத்தைப் பற்றியது என்பது அத்தீர்ப்பின் சாரம். தொழுவில் நிற்க வேண்டிய பன்றி கூடத்தில் நிற்பதை அந்நீதிபதி உவமை காட்டினார். நம் நாட்டில் 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டமும், பின்னர் அதனை நீக்கி 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும் வந்தன. முழுமைத் திட்டம் வகுத்தலும் நிலத்தைப் பயன்வகைக்கு ஒதுக்கலும் இப்பின்னைய சட்டத்தின்வழி நடைபெறுவன.

திருப்பூரின் இயல்பு யாது? முன்னர் நகராட்சியாகவும், 2008இல் மாநகராட்சியாகவும், 2009இல் மாவட்டத் தலைநகராகவும் வளர்ந்த அவ்வூரில் பனியன் தொழில் ஒரே கூரையின்கீழ் நடப்பதன்று. நூல் ஓரிடம், பின்னல் ஓரிடம், சாயம் ஓரிடம், வெட்டுதல், தைத்தல், பிசிறு நீக்குதல், தேய்த்தல், கட்டுதல் ஒவ்வொன்றும் ஒவ்வோரிடம். 'ஜாப் ஒர்க்' என்னும் சொல்லைத் திருப்பூரார் தமிழ்ச்சொல் போலவே ஆள்வர். வீட்டு முன்னறையில் இரண்டு தையற் பொறிகளை இட்டு, பவர் டேபிளில் ஒருவரும் கைமடியாக ஒருவரும் இருந்து பணி முடிக்கும் குடும்பம் அவ்வூர்த் தெருக்களில் அரிதன்று. பல்லடம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கொட்டகைகளும் வீட்டோடு ஒட்டியன. இது மருவூர்ப்பாக்கத்து இருக்கையே. இக்குடும்பத்தின் மனை மஞ்சள் நிறத்தில் விழுமாயின் அதன் தொழில் பிழையாகின்றது; ஊதாவில் விழுமாயின் அதன் அடுப்பு பிழையாகின்றது. கலப்புக் குடியிருப்பு என்று ஒரு வகை செய்து இவ்விடரை ஓரளவு தீர்க்க முயல்வதும் உண்டு. அது வகைப்பாட்டின் தோல்வியை வகைப்பாட்டுக்குள்ளேயே எழுதி வைத்தலாகும் என்க.

இவ்வளவு கூறியதனால் எத்தொழிலும் எங்கும் நிகழலாம் என்பது எம் கருத்தென்று கொள்ளற்க. சாயப்பட்டறை வேறு. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியிற் சேரும் நொய்யல், திருப்பூரைக் கடந்தபின் சாயநீர் சுமந்தது. 1992இல் பாசனத்துக்கென முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை அக்கழிவு நீரின் தேக்கமாயிற்று. அணையின் கீழ்ப்புறத்து உழவர் தம் நிலத்தில் அந்நீர் வருதலை அஞ்சினர். கழிவு நீர் ஒரு துளியும் வெளிவிடலாகாது என 2006இல் ஆணையிட்ட சென்னை உயர்நீதிமன்றம், அது நிறைவேறாமையின் 2011 சனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு பணித்தது. தையற்பொறியையும் சாயத்தொட்டியையும் ஒரே 'தொழில்' என்னும் கட்டத்தில் அடைப்பதே பிழை. இரண்டன் வேறுபாட்டையும் கூறுதற்கு நம்மிடம் சொல் உண்டா? உண்டு என்று காட்டுதற்கே யாம் தொல்காப்பியத்தை நாடுகின்றோம்.

அகத்திணையியலில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என இரண்டாகவே வகுக்கப்படுகின்றது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை முதலியவற்றோடு மக்கள் செய்யும் தொழிலும் கருப்பொருளுள் அடங்கும். திணை மயங்குதலை விலக்காத ஆசிரியர், நிலம் இரண்டு ஒருங்கு மயங்குதல் இல்லை என்று வரையறுக்கின்றார். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வருமாயின், வந்து சேர்ந்த நிலத்தின் பயனையே அவை தரும் என்பதும் அவர் கருத்து. இது செய்யுள் மரபு பற்றிய இலக்கணம், ஊரமைப்பு விதியன்று. அதனை ஊரமைப்பு விதி என்று யாம் கூறின், மருவூர்ப்பாக்கத்தை வைத்து மேலே பிறர்மேற் சாற்றிய குற்றம் எம்மேலேயே திரும்பும். ஆயினும் ஒரு வேறுபாட்டை நுண்ணிதின் உணர்த்தும் கருவியாக அதனைக் கொள்ளுதல் இழுக்கன்று. கருப்பொருள் மயங்கலாம், நிலம் மயங்கலாகாது. வீட்டுள் வந்த தையற்பொறி கருப்பொருள் மயக்கம். அது வந்த வீட்டின் இயல்பையே ஏற்று நிற்கின்றது. ஆற்றில் விழுந்த சாயம் வந்த நிலத்தின் இயல்பை ஏற்கவில்லை. நிலத்தைத் தன் இயல்புக்கு மாற்றிவிட்டது. முன்னதை வரைபடம் தடுக்கின்றது. பின்னதை நெடுங்காலம் அவ்வரைபடத்தால் தடுக்க இயலவில்லை. பாலைக்கெனத் தனி நிலம் தொல்காப்பியர் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்னும் சிலப்பதிகாரக் கருத்தை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். நொய்யற்கரை வயல்கள் சிலவற்றில் நிகழ்ந்தது இதுவே. அவை பச்சை நிறத்திலேயே இருந்துகொண்டு பாலையாயின.

முதற்பொருளில் பொழுதும் ஒன்று என்றோம். வரைபடத்தில் பொழுது இல்லை. நாளங்காடி, அல்லங்காடி என ஒரு நகரத்தின் வாணிகத்தைப் பகலானும் இரவானும் வேறுபடுத்தி மதுரைக்காஞ்சி காட்டும். இதன் உண்மையை அறிய நாம் சங்க காலத்துக்குப் போக வேண்டுவதில்லை. பல்லடம், பொங்கலூர், காங்கயம் பக்கத்து உழவர் 'மண்டலம்' என்னும் சொல்லை நகரமைப்பாரிடம் கற்றிலர். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் கற்றனர். அத்திட்டத்தின் பாசனப்பரப்பு நான்கு மண்டலங்களாகப் பகுக்கப்பட்டு, திருமூர்த்தி அணையிலிருந்து மண்டலம் மாறி மண்டலமாகத் தண்ணீர் விடப்படுகின்றது. 'இந்த முறை எங்கள் மண்டலம்' என்று உழவன் கூறும்போது அச்சொல்லில் இடமும் காலமும் ஒருங்கு நிற்கின்றன. தண்ணீர் வரும் பருவத்து வயலும் வராத பருவத்துக் காடும் ஒரே நிலத்தின் இரு நிலைகள். தொண்டைமண்டலம், கொங்குமண்டலம் என நாட்டுப் பெருபகுதியைக் குறித்த பழஞ்சொல் நகரத் தெருவின் சிறு துண்டைக் குறிக்க இறங்கி வந்ததைக் கண்டு நகைப்பார் நகைக்கலாம். அதே சொல் பாசனத்தில் பெற்ற புதுப்பொருள் தொல்காப்பிய முதற்பொருளை ஒத்திருப்பது எமக்கு வியப்பளிக்கின்றது.

இனி, பழந்தமிழரிடம் நிலப் பயன்பாட்டுப் பதிவு இருந்ததா எனின், இருந்தது. காப்பியத்தில் அதனைத் தேடுவார் கல்வெட்டில் தேடுவாராயின் கையொடு கிடைக்கும். இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு விட்ட ஊர்களின் கல்வெட்டுக்கள், ஒவ்வோர் ஊரின் மொத்தப் பரப்பையும் கூறி, அதனுள் இறையிலியாகக் கழிக்கப்படும் நிலங்களை வகைவகையாக எண்ணுகின்றன: ஊர்நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. இவற்றுள் 'ஊடறுத்துப் போகும்' என்னும் அடைமொழி போல் துல்லியமான சொல்லை இன்றைய வரைபடக் குறிப்புக்களில் யாம் கண்டதில்லை. நத்தம் என்னும் சொல் இன்றும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் உயிரோடிருக்கின்றது. ஆனால் இப்பட்டியலைப் பெருமைக்கு மட்டும் எடுத்துக் காட்டிவிட்டு நகர்தல் நேர்மையன்று. சேரிகள் வேறு, சில ஊர்களில் சுடுகாடும் குலத்துக்கொன்றாய் வேறு. பயனைப் பிரித்த பகுப்பு அங்கே மக்களையும் பிரித்தது; இறந்தபின்னும் பிரித்தது. தமிழரிடம் பகுப்பு முறை இருந்தது என்று வாதிடுவார் இப்பகுதியையும் சேர்த்தே வாதிடுதல் வேண்டும். நியூயார்க்குக் கடைக்காரர் தையலாளரை அப்பால் நிறுத்தியதும் இதுவும் ஒரு மரத்துக் கிளைகளே.

அவிநாசியிலிருந்து திருப்பூர் வழியாக அவிநாசிபாளையத்தை அடையும் சாலை இப்போது 381ஆம் தேசிய நெடுஞ்சாலை. அவ்வூர் ஒரு முனை. அங்கே கோவை–கரூர் நெடுஞ்சாலையோடு அது கூடுகின்றது. அப்பக்கத்தில் ஆடைக் கூடங்களும் கோழிப்பண்ணைகளும் தென்னந்தோப்பும் சோளக்காடும் அடுத்தடுத்து நிற்கக் காணலாம். கொங்கு உழவர் வாக்கில் 'காடு' என்பது வனமன்று; வானம் பார்த்த புன்செய். 'தோட்டம்' என்பது பூந்தோட்டமன்று. கிணற்றுப் பாசன நிலம். பொதுத்தமிழ் மட்டும் கற்று வரைபடத்துக்குத் தமிழ்க்குறிப்பு எழுதுவோர் இவ்விரண்டிலும் வழுக்கி விழுவர். இவ்விரண்டினும் வேறாய மூன்றாவது ஒன்றும் உண்டு. அவிநாசிபாளையத்திலிருந்து காங்கயமும் தாராபுரமும் நோக்கிச் செல்லச் செல்ல அது மிகும். அதுவே கொறங்காடு.

கொறங்காடு தனியாருக்குரிய மேய்ச்சல் நிலம். முள்ளுக்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே வெள்வேல மரங்களை இடைவிட்டு நிறுத்தி, கொழுக்கட்டைப் புல் வளரவிட்டு, அடைப்புக்களாகப் பிரித்து மாடும் ஆடும் மாற்றி மாற்றி மேய விடுவர். காங்கயம் மாடு என்று பெயர் பெற்ற இனம் இந்நிலத்தின் பிள்ளை. மழை குறைந்த மேட்டுநிலத்தில் உழவினும் மேய்ச்சலே நிலைத்த பயன் தரும் என்று கண்ட அறிவு அது. கொங்கரை ஆனிரையோடு சேர்த்தே பதிற்றுப்பத்துப் பாடுகின்றது. வன்னிலத்தைக் கணிச்சியால் உடைத்துத் தோண்டிய கிணற்றில் கயிறு கட்டி முகந்த சிறிதளவு நீரை ஆக்கள் மொய்க்கும் காட்சியும் அங்கே உண்டு. முல்லைத்திணையின் நிலம், இன்றும் பட்டாவோடும் சர்வே எண்ணோடும் இருக்கின்றது எனின் அது இதுவே.

இக்கொறங்காட்டை வரைபடத்தின் எக்கட்டத்தில் இடுவது? நாட்டின் நிலப் புள்ளிவிவரம் ஒன்பது வகைகளை உடையது. காடு என்னும் வகையில் இது அடங்காது, வனத்துறைக்குரியதன்று. மேய்ச்சற் புறம்போக்கும் அன்று, பட்டா நிலம். ஆண்டுதோறும் விதைக்கப்படாமையின் நிகர விதைப்புப் பரப்பில் நில்லாது. எஞ்சுவன தரிசு வகைகளே. செயற்கைக்கோட் படங்களைக் கொண்டு செய்யப்பெறும் வகைப்பாட்டிலோ, மேலிருந்து நோக்குவார்க்கு முள்மரம் தூவிய புல்வெளி புதர்நிலமாகத் தோன்றும். புதர்நிலம் அவ்வகைப்பாட்டில் பயனில் நிலத்தின் உட்பிரிவு. பயனில் நிலம் என்று ஒருமுறை எழுதப்பட்டால், அதன்மேல் மனைப்பிரிவோ கிடங்கோ ஆலையோ எழுவதற்குத் தடை கூறுவார் யார்? பாழ்நிலத்துக்குப் பயன் கொடுத்தோம் என்றே அதனைப் போற்றுவர். ஒரு சொல்லின் பிழையால் ஒரு மாட்டினம் தன் நிலத்தை இழக்கக்கூடும் என்பது மிகைக்கூற்றன்று.

சோழர் கால ஆவணங்களில் 'கன்றுமேய்பாழ்' என்று ஒரு நிலவகை வருகின்றது. இச்சொல்லை யாம் இக்கட்டுரையின் நடுவண் வைக்கக் கருதுகின்றோம். உழப்படாமையின் அது பாழ். கன்று மேய்தலின் அது பயனுடையது. உழவின் நோக்கில் பாழாயது பிறிதொன்றின் நோக்கில் பாழன்று என்பதை அச்சொல்லைச் செய்தவன் ஒரு தொகைக்குள் அடக்கிவிட்டான். இன்றைய 'பயனில் நிலம்' என்னும் மொழிபெயர்ப்பில் யாருக்குப் பயனில் என்னும் வினாவே எழவில்லை.

மற்றொரு செய்தியும் ஈண்டுச் சுட்டற்பாலது. திருப்பூரின் சாயப்பட்டறைகளுக்கு உள்ளூர் நீர் பயன்படாது போன காலத்தில், சூழ்ந்த ஊர்களின் தோட்டக் கிணறுகளிலிருந்து லாரிகளில் நீர் ஏற்றிச் சென்றனர். காவிரி நீரைக் குழாய்வழிக் கொணரும் திட்டம் 2005ஆம் ஆண்டளவில் பயனுக்கு வரும்வரை அவ்வாணிகம் மிக்கிருந்தது. பயிரிடாமல் கிணற்று நீரை விற்ற அத்தோட்டங்களின் பயன்பாடு யாது? வேளாண்மை என்னின் பயிர் இல்லை. தொழில் என்னின் ஆலை இல்லை. வணிகம் என்னின் கடை இல்லை. வரைபடம் நிலத்தின் மேற்பரப்பையே நிறந்தீட்டும். பதிற்றுப்பத்துப் புலவன் கிணற்றின் ஆழத்தையும் கண்டான்.

பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1914–15இல் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிக் கண்டு அறிக்கை எழுதியவர். மலையிலிருந்து கடல்வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை நெடுக அறுத்து, சுரங்கத்தான், மரம் வெட்டுவான், வேடன், ஆயன், உழவன், மீனவன் என நிலத்தோடு தொழிலைப் பொருத்திப் படம் வரைந்து காட்டிய அவர், முன்னர் ஆய்க, பின்னர் வகுக்க என்னும் கொள்கையினர். அவர் படத்துக்கும் நம் நானிலத்துக்கும் உள்ள ஒப்புமை தற்செயலானதே. எனினும் நகரமைப்பாருள் நம் மாணவர் எவரோடேனும் உரையாடத் தொடங்குவதாயின், மருவூர்ப்பாக்கத்தை நீட்டிப் பெருமை பேசுவதினும் கெடிஸின் படத்தருகே முல்லையை வைத்து நோக்கச் சொல்லுதல் பயனுடைய தொடக்கமாகும்.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை எனின், வேலை ஒன்று உண்டு. அது பிறரால் ஆகாதது. அவிநாசிபாளையம் தொடங்கிக் காங்கயம்வரை ஒவ்வோர் ஊரிலும் நிலத்துண்டுகளுக்கு உழவரும் ஆடு மேய்ப்பாரும் வழங்கும் பெயர்களைக் கேட்டெழுதல் வேண்டும். இன்னின்ன காடு, இன்னின்ன தோட்டம், ஓடைப்பள்ளம், மேட்டாங்காடு, கொறங்காட்டின் ஒவ்வோர் அடைப்பு என அவர்க்குத் தனித்தனிப் பெயர் உண்டு. எதற்கு எப்பருவத்தில் எப்பயன் என்பது அப்பெயரோடு சேர்த்தே அவர் வாயில் வரும். அப்பெயர்களைச் சர்வே எண்ணோடு பொருத்தி, கல்வெட்டுச் சொல்லோடு ஒப்பிட்டு, நகரமைப்பாரின் ஒன்பது கட்டங்களுக்கு எதிரே நிறுத்துதல் ஒரு முதுகலை மாணவர்க்கு இரண்டாண்டுப் பணி. பெயர் அறிந்த முதியோர் இன்னும் உளர். நெடுஞ்சாலை ஓரத்து நிலங்களிலிருந்து தொடங்குக. அங்கேதான் பெயர் முதலில் அழிகின்றது.